உப்புக் காற்றும் பழைய பிக்கப்பும்

(கல்முனையில் கராஜ் தொழிலாளர்களும் வாகன உரிமையாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அந்திக்குத் தாறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழமை வண்டி கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. சொன்ன நேரத்துக்கு இறங்கிவிடுவேன்.

இன்று பேச வந்தது கறள் பிடித்த பழைய சின்னப் பிக்கப்பைப் பற்றி. அதை எப்படி மீட்பது, மீட்ட பிறகு எப்படி மேம்படுத்துவது என்பதைப் பற்றி. இதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பாவில் ஒருவர் பழைய வண்டியை மீட்டெடுத்தால் விடுமுறை நாள் வெயிலில் ஓட்டிக்காட்ட எடுக்கிறார். இங்கே நாம் எடுப்பது நெல் மூட்டை ஏற்ற, மீன் பெட்டி ஏற்ற, மருதமுனைச் சாரன் கட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக. அவருடைய வண்டியில் குறை இருந்தால் பரிசு கிடைக்காது. நம்முடைய வண்டியில் குறை இருந்தால் அக்கரைப்பற்று வீதியில் பிரேக் பிடிக்காது. ஆகையால் இது ஊர் கூடிப் பேசவேண்டிய விஷயம்தான்.

இந்த வண்டிகள் ஏன் இன்னும் நம்மிடம் இருக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. இருக்கிற மொறிஸையும் ஒஸ்ரினையும் பேஜோவையும் வைத்துத்தான் நாடு ஓடியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பான் வண்டிகள் பெருகின. டட்சன், டொயோட்டா, மஸ்டா என்று கெப் வாகனங்கள் வயல்வெளி வரைக்கும் வந்தன. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கியூஆர் அட்டையைக் காட்டிப் பெற்றோல் அடித்த காலம் அது. அந்த ஐந்து வருடமும் புதிய வண்டி வாங்க வழியில்லாத வியாபாரி, கராஜ் மூலையில் கிடந்த பழைய வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கேட்டுவிட்டு அதே மூலைக்குத்தான் பலர் வருகிறார்கள்.

அந்த மூலையில் கிடப்பதன் வயதை இலக்கத் தகடே சொல்லும். நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் அது நம் தகப்பன்மாரின் காலத்து வண்டி. 1957இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் தார் பூசி அழித்தார்கள். அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். இன்று அந்தத் தகட்டோடு ஒரு பிக்கப் நிற்கிறது என்றால், அதைக் காலத்துக்குக் காலம் யாரோ ஒரு கராஜ் பாஸ் கைவிடாமல் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு வண்டியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 1971இல் ஜப்பானில் சன்னி ட்ரக் என்று வந்து, வெளிநாடுகளில் டட்சன் 1200 என்று பெயர் எடுத்த பிக்கப். 1171 சிசி எஞ்சின், ஏ12 என்று சொல்வோம். வார்ப்பிரும்பு புளொக், அலுமினிய ஹெட். முன்னுக்கு ஸ்ட்ரட், பின்னுக்கு வில் தகடுகள். அரை டன் ஏற்றலாம். ஜப்பானில் இதே இனத்தை 1994 வரை செய்தார்கள். தென்னாபிரிக்காவில் 1400 எஞ்சினைப் போட்டு 2008 வரைக்கும் விற்றார்கள். முப்பத்தேழு வருடம் ஒரே அமைப்பில் ஒரு வண்டி விற்றிருக்கிறது என்றால் அதில் ஏதோ சரியாக இருந்திருக்கிறது. பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும் கை போகும். எந்த நட்டையும் சாதாரண ஸ்பானரால் கழற்றலாம். கெட்டுப்போனால் திருத்த முடிகிற மாதிரியே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த எஞ்சினைக் கொல்ல முடியாத அளவுக்குச் செய்தவர்கள் தகட்டை அப்படிச் செய்யவில்லை. அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளின் உடல் நாகம் பூசாத மெல்லிய உருக்குத் தகடு. தடிப்பு ஒரு மில்லிமீற்றர் கூட இராது. நம் ஊரில் பழைய பிக்கப்புகள் எஞ்சின் செத்து ஒதுங்குவதில்லை. தகடு தின்னப்பட்டு ஒதுங்குகின்றன.

ஏன் இங்கே அவ்வளவு வேகம்? கறளுக்கு இரும்பு, ஒட்சிசன், நீர் மூன்றும் போதும். உப்பு நாலாவதாக வந்து சேர்ந்தால் வேலை பல மடங்கு விரைவாகும். உப்புத் தண்ணீரில் மின்னோட்டம் சுலபமாகப் போகும். கறள் பிடிப்பதும் ஒரு மின் வேலைதான். அதோடு குளோரைட்டு, இரும்பின் மேல் படியும் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவில் ஈரப்பதன் அதைத் தாண்டுவது வழமை. கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கும். அப்படியென்றால் கடற்கரை வீதியில் நிறுத்திய வண்டியின் மேல் படிந்த உப்பு உச்சி வெயிலில் கூட முழுதாகக் காய்வதில்லை. மழையே பெய்யாத ஆடி மாதத்திலும் அந்தத் தகடு நனைந்துதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் நம் ஊர்களுக்குள் வந்ததை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலங்கையில் அதிகம் உயிர் இழந்த மாவட்டம் நம் அம்பாறை. உயிரை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வாகனத்தை யார் பார்த்தார்? ஆனாலும் தொழில்காரர் அறிந்துவைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. கடல்நீர் புகுந்த வண்டிக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர், அதுவும் உடனடியாக. கதவுக்குள், கதவடிக் குழாய்க்குள், செசியின் பெட்டிக்குள் போன மண்ணைக் கழுவி எடுக்காமல் மேலே எது பூசினாலும் அந்த மண் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், மீன் ஏற்றும் வண்டிக்கும் இதே விதிதான்.

மீன் ஏற்றும் வண்டியின் பின்பெட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் இரத்தமும் உப்பும் சேர்ந்து பலகைக்கு அடியில் ஓடும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னுக்கு ஓடி, பெட்டியின் முன்சுவரும் தரையும் சேரும் பொருத்தில் தேங்கும். அந்தப் பொருத்தில் இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். தண்ணீர் இடையில் புகுந்தால் வெளியே வர வழியில்லை. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே தகடுகளை அது நெம்பித் திறக்கும். மேலே பெயின்ட் மெல்லிய கொப்புளமாக எழும். விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அந்தக் கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்து பல மாதம் ஆகியிருக்கும்.

ஆகவே பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் பெயின்டைப் பார்த்து விலை பேசக்கூடாது. ஒரு காந்தமும் ஒரு ஸ்குரூ ட்ரைவரும் கொண்டு போங்கள். காந்தத்தை ஒரு துணியில் சுற்றிச் சக்கர வளைவிலும் கதவின் கீழ்விளிம்பிலும் கெபின் பின்மூலையிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. உள்ளே கால் வைக்கும் இடத்து றப்பர் விரிப்பைத் தூக்குங்கள். பற்றரி வைக்கும் தட்டை அமிலம் தின்றிருக்கிறதா பாருங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, வில் தகடு செசியில் மாட்டும் கொக்கிகளை ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் போடும். கெட்டது மௌனமாக உள்வாங்கும். உரிமையாளர் குத்த விடமாட்டேன் என்றால், ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த வகை உடல் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹைலக்ஸ், டட்சன் 720 போன்றவற்றுக்குத் தனிச் செசி உண்டு. கெபின் கெட்டாலும் செசி நன்றாயிருந்தால் வண்டி பிழைக்கும். மொறிஸ் மைனரில் ஒரு விநோதம் இருக்கிறது. அதன் காருக்குத் தனிச் செசி கிடையாது, உடலே எலும்பு. ஆனால் அதே மைனரின் வானுக்கும் பிக்கப்புக்கும் தனிச் செசி வைத்தார்கள். காரைத் திருத்திய அனுபவத்தோடு பிக்கப்பில் கை வைப்பவர் முதலில் கீழே குனிந்து பார்க்கவேண்டும்.

இப்படி மறைந்து கிடக்கும் கறளைப் பேசும்போது நம் மார்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்கள் ஈரமாகின. மேலே காய்ந்த தானியம், அடியில் நனைந்தது. விற்றவர் மழையைக் காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, வாங்குபவர் பார்த்திருப்பாரே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவராகக் கருதவில்லை என்று கண்டித்தார்கள். இந்த ஹதீஸை வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டுச் சனிக்கிழமை கறள் ஓட்டைக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்கிறோமா இல்லையா? மழை நம் குற்றமல்ல, உப்பும் நம் குற்றமல்ல. ஆனால் நனைந்ததை அடியில் வைத்தது யார்?

இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். பழைய வண்டியின் பெறுமதி மூடிய இடத்தில் இருக்கிறது. மீட்பதும் மேம்படுத்துவதும் மூடிய இடத்திலிருந்து தொடங்கவேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பெயின்ட், பிறகு எஞ்சின், பிறகு பாட்டுப் பெட்டி, பணம் மிஞ்சினால் பிரேக், தகட்டை யாரும் கேட்பதில்லை.

இதில் கராஜ்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நம் ஊர்க் கராஜ் ஒன்றில் நடந்த பேச்சைக் கேளுங்கள். வண்டிக்காரத் தம்பி கராஜ் காக்காவிடம் கேட்கிறார்:

"காக்கா, பெயின்ட் எப்ப அடிக்கிற?"

"பொறு மகன். தகட்டத் தொறந்தா உள்ளுக்குச் சல்லடையாக் கெடக்கு. வெட்டி மாத்தணும்."

"அதெல்லாம் ஆரு பாக்கப் போறா காக்கா? நோன்புப் பெருநாளைக்கு வண்டி வேணும்."

இப்படிக் கேட்டால் காக்கா என்ன செய்வார்? தெரியாத வேலைக்குக் கூலி கொடுக்க நாம் தயாரில்லை. தெரியும் வேலைக்கு மட்டும் கூலி கொடுத்தால் தெரியும் வேலைதான் கிடைக்கும்.

சரி, தகட்டு வேலையை எப்படிச் செய்வது? பாஸ்மாருக்கு நான் வெல்டிங் சொல்லித்தர வரவில்லை. உப்பு ஊருக்கென்று உள்ள சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வெட்டத் தயங்காதீர்கள். ஓட்டையின் விளிம்பில் மினுங்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். மெலிந்த விளிம்பில் வைத்த வெல்டிங் மறு மாரிக்குள் பக்கத்தில் விடும். பழைய தகட்டின் மேல் புதிய தகட்டை ஒட்டாதீர்கள். நீர் தேங்க இன்னொரு பொருத்தை உண்டாக்கியதாகும். இருபது கேஜ் தகட்டை அளவுக்கு வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துச் சேருங்கள். காஸ் வெல்டிங்கில் சூடு பரந்து தகடு நெளியும். மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாறி மாறி வைத்தால் நெளியாது. தொடங்குமுன் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வையுங்கள். வெறும் தாங்கி என்று நினைப்பதுதான் ஆபத்து; தாங்கி நிறைந்திருப்பதைவிட வெறுமையாக ஆவியோடு இருப்பதே வெடிக்கும்.

இரண்டாவது, கறள் எடுத்த இடத்தில் உப்பு மிஞ்சியிருக்கும். தேய்த்து வெள்ளியாக மினுங்கினாலும் சின்னக் குழிகளுக்குள் குளோரைட்டு ஒளிந்திருக்கும். நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். காலையில் தகடு முழுக்க மெல்லிய மஞ்சள் படிந்திருந்தால் அது ஈரத்தால் வந்தது. குழிகளில் மட்டும் கறுப்புப் புள்ளி திரும்பியிருந்தால் உள்ளே உப்பு இருக்கிறது. மறுபடி கழுவித் தேய்க்கவேண்டும். இந்த ஓர் இரவைப் பொறுக்காததால்தான் பல பெயின்ட் வேலைகள் வருடத்துக்குள் கொப்புளிக்கின்றன.

கொக்கி, பட்டை, கைப்பிடி போன்ற சின்னச் சாமான்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல், பற்றரி சார்ஜரின் எதிர்க்கம்பி கறள் பிடித்த சாமானுக்கு, நேர்க்கம்பி ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. நேர்க்கம்பியில் ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள். அதிலிருந்து நஞ்சான குரோமியம் கரைந்து வரும். ஐதரசன் வாயு எழும், ஆகவே வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். கைக்கு எட்டாத குழிகளுக்குப் பொசுபோரிக்கமிலம் பூசலாம். வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் பிறகு நன்றாகக் கழுவவேண்டும்.

மூன்றாவது, காலம் பார்த்து வேலை செய்யுங்கள். நம் கரைக்கு மழை கொண்டுவருவது வாடைக் காற்று. கார்த்திகை, மார்கழியில் தகட்டைத் திறந்து வைத்தால் மூடுவதற்குள் கறள் வந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையைக் கடந்து வறண்டு வருகிறது. வெறும் தகட்டு வேலைக்கு அதுவே பருவம். அப்போதும் பிற்பகலில் கடற்காற்று எழும். ஆகவே காலையில் தேய்த்து, கடற்காற்று எழுமுன் எபொக்சி பிறைமரை அடித்துவிடுங்கள். பட்டி வைக்கவேண்டுமென்றால் பிறைமரின் மேல் வையுங்கள். வெறும் தகட்டில் வைத்தால் பட்டி ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும்.

நாலாவது, வெளியே அடித்த பெயின்ட் உள்ளே பாதுகாக்காது. மூடிய குழாய்களுக்குள் மெழுகு எண்ணெயை நீண்ட முனை வைத்துத் தெளியுங்கள். கதவடியில் இருக்கும் வடிகால் துளைகளைப் பெயின்டால் அடைத்துவிடாதீர்கள். வண்டி செய்தவர் அந்தத் துளையைச் சும்மா வைக்கவில்லை. மீன் ஏற்றும் வண்டிக்குப் பெட்டித் தரையின் மேல் கழற்றக்கூடிய தட்டொன்றைச் செய்து, நீர் பின்பக்கமாக வெளியே வழியும்படி குழாய் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கீழ்ப்பக்கத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் அடியுங்கள். பிக்கப்புக்கு நம் ஊரில் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு இதுதான். செலவும் குறைவு.

தகடு முடிந்த பிறகு மற்ற மேம்பாடுகளுக்கு வருவோம். என் வரிசை: முதலில் நிற்பது, அடுத்து பார்ப்பது, கடைசியில் ஓடுவது.

நிற்பது என்றால் பிரேக். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் வழி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுவதே முதல் வேலை. டட்சன் 1200க்கு முன்னுக்கு டிஸ்க் போட விரும்புவோருக்கு, 1977க்குப் பிறகு வந்த சன்னி பி310 காரின் ஸ்ட்ரட்டும் டிஸ்க்கும் உலகம் முழுக்கப் பாவிக்கப்படுகிற வழி. ஒன்றை மறக்காதீர்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்கை மாட்டினால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே இருந்து சூடாகும். பழைய பிரேக் ஷூவைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருந்தது. ஈரத் துணியால் துடையுங்கள்.

பார்ப்பது என்றால் விளக்கு. ஐம்பது வருடக் கம்பியிலும் சுவிட்சிலும் மின் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். பெரிய பல்ப் போடுவதற்கு முன் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்து ரிலே போடுங்கள். பழைய பல்பே பளிச்சென்று எரியும். பொயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக இலத்திரனியல் டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் மாரியில் காலை ஸ்டார்ட் சுலபமாகும், புகைப் பரிசோதனையிலும் உதவும்.

எஞ்சின் கடைசி. ஏ12க்கு அதே குடும்பத்தில் 1397 சிசி ஏ14, 1488 சிசி ஏ15 என்று அண்ணன்மார் உண்டு. பழைய பி310 காரிலிருந்து எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தால் பாரத்தோடு மேடு ஏறவும், நீண்ட வீதியில் எஞ்சின் கத்தாமல் போகவும் வசதி. ஆனால் பெரிய எஞ்சின் போட்டவுடன் வண்டி ஒரு டன் ஏற்றும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னுக்கு இன்னொரு வில் தகட்டைச் சேர்த்தால் பெட்டி தாழாது, உண்மைதான். அச்சு, பெயரிங், டயர், பிரேக், அரை டன்னுக்குச் செய்த தகடு இவையெல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு வண்டி தாங்கும் பாரம் அதன் பலம் குறைந்த உறுப்பு தாங்கும் பாரம்தான்.

பழைய பிரித்தானிய எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 2002இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டுள்ள மைனர் போன்றவற்றில் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயம் மெத்தையாக இருந்தது. எஞ்சின் திறக்கும்போது கடினமான வால்வு வளையம் போட்டுவிடுங்கள்.

தேவை வந்தால் நம் மக்கள் எஞ்சினை என்னவும் செய்வார்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில் பழைய ஒஸ்ரின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் குறைந்த அழுத்தம் அதற்கு இடம் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், வால்வில் கரி கட்டும். அந்த விலையைத் தெரிந்துகொண்டே கொடுத்தார்கள். மேம்பாடு எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அதைத் தெரிந்து கொடுப்பவர் மெக்கானிக், தெரியாமல் கொடுப்பவர் வாடிக்கையாளர்.

உதிரிப்பாகம் கிடைக்காதே என்று சொல்வீர்கள். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், புதிய காரின் விலை வருடா வருடம் கரைவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய காரைத் தொடர்ந்து பேணுவது மலிவு என்று 1982இல் புத்தகம் எழுதினார். பிறகு மைனருக்கான உடற்தகடுகளை எங்கே செய்வித்தார் தெரியுமா? நம் இலங்கையில். நம் நாட்டுக் கைகள் அடித்த தகடு இங்கிலாந்தில் மைனருக்குப் பொருந்தியது. கதவடியையும் சக்கர வளைவையும் அச்சு வைத்து அடிக்க நம் ஊராலும் முடியும். நாலு கராஜ் சேர்ந்து ஒரு வளைப்பு இயந்திரம் வாங்கினால் போதும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தவேண்டும். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. செசி இலக்கம் அடித்த துண்டு கறள் பிடித்திருந்தால், வெட்டுவதற்கு முன் திணைக்களத்தைக் கேளுங்கள். அதை வெட்டி வேறிடத்தில் ஒட்டிவிட்டால் வண்டி யாருடையது என்று நிரூபிக்கவே கஷ்டப்படுவீர்கள். வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேண்டும். வண்டி பழையது என்பதால் விலக்குக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

நேரம் நெருங்குகிறது. இரண்டு கோரிக்கைகளோடு முடிக்கிறேன்.

முதலாவது, கராஜ்காரர்களுக்கு. தகட்டைத் திறந்ததும், மூடுவதற்கு முன்னும் உங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எதை வெட்டினீர்கள், என்ன தடிப்புத் தகடு போட்டீர்கள், உள்ளே என்ன தெளித்தீர்கள் என்று ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதுங்கள். படங்களையும் கொப்பியையும் வண்டியோடு உரிமையாளருக்குக் கொடுங்கள். மூடிய வேலைக்குக் கூலி கேட்க அதுவே உங்கள் சாட்சி. உங்களிடம் வேலை படிக்கும் பிள்ளைக்கு எழுதும் பழக்கமும் வரும். பல வருடம் தொழில் செய்தும் சான்றிதழ் இல்லாத பாஸ்மார், கையில் இருக்கும் அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ தொழில்தகைமைச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. அந்தக் கொப்பி அதற்கும் கைகொடுக்கும்.

இரண்டாவது, உரிமையாளர்களுக்கு. "பெயின்ட் எப்ப?" என்று கேட்பதற்கு முன் "உள்ளே என்ன?" என்று கேளுங்கள். உள்ளே செய்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். விற்கும்போது கொப்பியையும் சேர்த்து விற்றுப் பாருங்கள். வாங்குபவர் பேரம் பேசும் தொனியே மாறும். கல்முனையில் திருத்திய வண்டி என்றால் கொப்பியோடு வரும் என்ற பேச்சு மட்டக்களப்பு வரைக்கும் பொத்துவில் வரைக்கும் போகட்டும். அந்தப் பேர் வந்துவிட்டால் நம் கராஜ்களுக்கு விளம்பரம் தேவையில்லை.

கேள்வி உள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு இதே மண்டபத்துக்கு வாருங்கள். காந்தமும் ஸ்குரூ ட்ரைவரும் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே நிற்கும் உங்கள் வண்டிகளில் ஒன்றை, உரிமையாளர் சம்மதித்தால், எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிடுவோம்.